தங்கூசி தெரியாத படம்

இளநீரை மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பேருந்தில் இருந்தேன். கனகராயன்குளத்தைத் தாண்டும்போது சுகந்தினியின் தம்பி அழைத்தான். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா அண்ணை" என்றான். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தவளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

உங்களில் பலருடைய கலியாண வீடியோவை எடுத்தவள் அவள். அதை வெட்டி ஒட்டியவன் நான். எங்களுக்கென்று நாங்கள் எடுத்தது ஒரேயொரு படம். அதில், நினைத்தாலே பொருட்களைத் தூக்கிவிடும் சக்தி ஒரு பெண்ணுக்கு வருகிறது. அந்தப் பெண் காணாமற்போன பிறகு, வயலில் கண்டெடுத்த அவளுடைய தோழியின் கைபேசியில் இருக்கும் காட்சிகள்தான் முழுப்படமும்.

தர்மபுரத்தில் ஒரு பாலைமரக் கிளையில் தங்கூசி என்கிற மெல்லிய நைலோன் நூலால் சைக்கிளைத் தொங்கவிட்டோம். கலியாணங்களுக்குக் கொண்டுபோகும் நல்ல கமராவால் எடுத்துப் பார்த்தால், வெயிலில் தங்கூசி மினுங்கியது. செயினில் இருந்த துருகூடத் தெரிந்தது.

"எல்லாம் தெரியுது அண்ணை. அதாலதான் ஒண்டையும் நம்பேலாமல் கிடக்கு."

தன் பழைய கைபேசியில் தரத்தை ஆகக் குறைத்து, மூச்சிரைக்க ஓடிக்கொண்டே மறுபடி எடுத்தாள். புள்ளி புள்ளியாய் அதிர்ந்த அந்தக் காட்சியில் நூல் இல்லை. சைக்கிள் எழும்பியது. அதைக் கட்டித் தொங்கவிட்ட நானே வாய்பிளந்து பார்த்தேன்.

நெடுங்கேணியில் படத்தைக் காட்டினோம். முடிந்ததும் ஓர் அம்மா அவளிடம் வந்தார்.

"அந்தப் பிள்ளை பிறகு வீட்டுக்கு வந்தவளோ?"

சுகந்தினி அவருடைய கையைப் பிடித்தாள். "தெரியேல்லை அம்மா. நாங்களும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்."

"நடிச்ச பிள்ளை அங்கதானே நிக்குது, காட்டியிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன்.

"அவா கேட்டது அந்தப் பிள்ளையை இல்லை, அண்ணை."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போன மகளை அந்த அம்மா இன்னும் தேடுகிறார் என்று ஊரவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு நெடுங்கேணிப் பக்கம் கலியாணம் வந்தால், அவருடைய வீட்டுக்குப் போகாமல் சுகந்தினி திரும்பமாட்டாள். செத்தவீட்டுக்கு அவரும் வந்திருந்தார். தலைமாட்டில் இருந்துகொண்டு அவளுடைய தலையைத் தடவினார்.

எல்லோரையும் எடுத்தவள், தன்னை எடுக்க யாரிடமும் கமராவைக் கொடுத்ததில்லை. அந்தப் படம் முழுக்க அவளுடைய மூச்சு கேட்கிறது; "ஓடு, ஓடு" என்கிற குரல் கேட்கிறது. முகம் மட்டும் ஓரிடத்தில், கைபேசி நழுவி விழுகிற கணத்தில், வந்துபோகிறது. அதை நிறுத்தி எடுத்து வைத்திருக்கிறேன். பெரிதாக்கினால் சதுரங்களாக உடைந்துபோகிறாள். சிறிதாக்கினால் சிரிக்கிறாள்.

சிறிதாகவே வைத்திருக்கிறேன்.