மூழ்காத துளி

எனக்குப் பொறாமை அதிகம். அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. பதுளையில் மருத்துவம் படித்த காலத்தில் என் ஹொஸ்டல் அறைத்தோழியைப் பார்த்து நான் வயிறெரிந்ததற்கு அவளுடைய மார்க் காரணமில்லை. டவுனில் அவளுடைய அப்பா நடத்தும் புடவைக்கடையும் காரணமில்லை. அவளுடைய இரத்தம்தான் காரணம்.

மூன்றாம் வருடத்தில் எங்கள் குழுவுக்கு ஓர் ஆய்வு கொடுத்தார்கள். இரத்த தானம் பற்றி மருத்துவ மாணவர்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கேள்விகளைத் தயாரித்தது நான். யார் கொடுக்கலாம், எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எதைச் சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேரும், எது சேர விடாது, எல்லாமே எனக்கு அத்துப்படி. வகுப்பிலும் பலர் நன்றாகத்தான் விடை எழுதினார்கள். "நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா?" என்ற கடைசிக் கேள்வியில்தான் வழுக்கினார்கள். ஊசி பயம், பரீட்சை வருகிறது, வீட்டில் ஏசுவார்கள், இப்படி ஆளுக்கொரு சாட்டு. என் தோழி பாதிக் கேள்விகளுக்குத் தப்பாக எழுதியிருந்தாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் "ஓம், பல தடவை" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினாள். எல்லாம் தெரிந்த நானோ, போன ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பப்பட்டவள்.

விரலில் குத்தி ஒரு துளி எடுத்து நீலத் தண்ணீருக்குள் விடுவார்கள். இரத்தத்தில் சத்திருந்தால் துளி நேரே அடிக்குப் போகும். அவளுடையது கல்லு மாதிரி இறங்கும். என்னுடையது மேலேயே நிற்கும். "இரும்புச்சத்து மாத்திரை போடுங்க, பிறகு வாங்க" என்று சொல்லி என்னை எழுப்பி விடுவார்கள். அவள் கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து, அங்கே கொடுத்த பிஸ்கட்டைப் பிரித்து, "ஒண்ணு எடுத்துக்கடி" என்று நீட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரத்த தான முகாம் வைப்போம் என்று யோசனை சொன்னதும் நான்தான். எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கிட்ட நெருங்க மாட்டார்கள். ரத்தம் குடுத்தா கொழுந்தெடுக்கத் தெம்பிருக்காது என்பார்கள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசல் வாசலாக நின்று பேசினேன். "ஒண்ணும் ஆவாது அக்கா. மொதல்ல நான் குடுக்குறேன், பாத்துட்டு நீங்க குடுங்க." வாயை விட்டாயிற்று. இரத்தம் எடுக்கும் கட்டிலில் நான் படுக்காவிட்டால் ஒருத்தியும் படுக்க மாட்டாள். அதனால் மாதக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டேன்.

என் அம்மா கொழுந்து பறிப்பவள். ஆனால் தேத்தண்ணி வாயில் வைக்கமாட்டாள். "நாள் பூரா அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன், வயித்துக்குள்ளயும் அதுவா?" என்று சுடுதண்ணி குடிப்பாள். லயமே அவளைக் கிண்டல் பண்ணும்.

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த அறையில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். வாசல் நிறையப் பெண்கள். அம்மா எனக்காக முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். மகள் ரத்தம் குடுக்கப் போறா என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

என் துளி மிதந்தது.

"இன்னும் காணாது மகள்" என்றார் இரத்த வங்கி டொக்டர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் வாசலுக்குக் கேட்டுவிட்டது. "அட, டொக்டருக்குப் படிக்கிற புள்ளைக்கே ரத்தம் இல்லையாம்! நமக்கெங்க இருக்கப் போவுது? வாங்கடி போவோம்" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

முகாமுக்கு என்னோடு வந்திருந்த என் தோழி போய்ப் படுத்தாள், கொடுத்தாள், எழும்பினாள். அம்மா முட்டையை உரித்து அவள் கையில் வைத்தாள். "சாப்புடு பாப்பா. எங்க தோட்டத்துக்கு வந்து குடுத்திருக்க, நல்லா இருப்ப." என் முட்டை! என் அம்மா! தோழியைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

அவள் வாயில் முட்டையோடு கேட்டாள். "மாத்திரைய எப்படி போடுற நீ?"

"காலையில எழும்பினதும்."

"எதோட?"

"பிளேன்டீயோட."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி! தேயிலை இரும்பைச் சேர விடாதுன்னு கேள்வி போட்டதே நீதானே!"

நான்தான். ஆனால் எங்கள் லயத்தில் காலைப் பிளேன்டீயை யாரும் தேத்தண்ணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் விழித்ததும் கைக்கு வருவது அது. மாத்திரையை வேறு எதோடு விழுங்குவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதி விடை தப்பாக எழுதினவள் இதையும் கண்டுபிடித்துவிட்டாளே என்றுதான் அப்போது கொதித்தது.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "எனக்கும் பாருங்க ஐயா."

"அம்மா, வேணாம். ஒங்களுக்கு இருக்காது."

"ஒனக்கு இல்லைன்னா எனக்கும் இருக்காதா? பேசாம நில்லு."

அம்மாவின் துளி நீலத் தண்ணீரைத் தொட்டதும் இறங்கியது. தயங்கவே இல்லை, நேரே அடியில் போய் உட்கார்ந்தது. டொக்டர் சிரித்தபடி கட்டிலைக் காட்டினார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எங்கே பட்டேன்? நான் படுக்க வேண்டிய கட்டிலில், நான் நீட்ட வேண்டிய கையை நீட்டிக்கொண்டு அவள் படுத்திருந்தாள். பெற்ற தாய் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

செய்தி கேட்டுப் பாதி வழி போனவர்கள் திரும்பி வந்தார்கள். கொழுந்துக்காரி எழும்புவாளா மயங்குவாளா என்று வாசலில் நின்று பார்த்தார்கள். அம்மா எழும்பி உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். "ம், ஒண்ணுமில்ல" என்றாள். அவ்வளவுதான். போவோம் என்று கூப்பிட்டவளே முதல் ஆளாக வந்து விரலை நீட்டினாள், அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் வாசல் வாசலாக நின்று பேசியும் நடக்காத காரியம்.

அம்மாவுக்கு ஒரு பால் பெக்கட் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்ட்ரோவைக் குத்தினாள். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, நீ குடி. ஒனக்குத்தான ரத்தம் இல்ல."

பிள்ளைக்காம்பராவே சிரித்தது. வாங்கிக்கொண்டேன். அம்மாவின் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.