பெட்டிக்குத் தண்ணீர் வராத நாள்

வெள்ளைக்காரன் சாப்பிட்ட தட்டை அலச மாட்டான். லீவில் வந்த நாளிலிருந்து எங்கள் மலைக்கிராமம் வளப்பூரில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்புவதாக இல்லை. தொட்டியில் வெந்நீர் பிடித்து, சோப்பைக் கரைத்து, எல்லார் எச்சிலையும் அதிலேயே முக்கி எடுத்து, நுரை வழிய வழியத் துணியால் துடைத்து அடுக்கிவிடுவான். அடுத்த வேளைச் சோற்றுக்கு அந்தச் சோப்புதான் தொடுகறி. இந்தச் சுத்தக்காரர்கள்தான் நம்மைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் பட்டாளத்துச் சமையல்கட்டில் இருந்து, ஒரு அதிகாரி சொன்ன வார்த்தையை நம்பிக் கப்பலேறினவன். இங்கிலாந்தின் வடக்கே, மழையைத் தவிர வேறெதுவும் விளையாத ஒரு ஊரில், காலேஜ் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல். சமைக்கத்தான் கூப்பிட்டார்கள். போனதும் தட்டு கழுவ நிறுத்திவிட்டார்கள். கூட வேலை செய்தவள் நோரா என்கிற அயர்லாந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டு. நான் ஒவ்வொரு தட்டையும் குழாயடியில் காட்டி அலசுவதைப் பார்த்து, "ராஜா சாப்பிட வருகிறாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஆனால் குளிர்காலத்தில் என் விரல் வெடித்தபோது தன் வீட்டிலிருந்து களிம்பு கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த நாளில் எனக்கு ஒருவரையுமே பிடிக்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை தட்டு கழுவும் பெட்டி வந்து இறங்கியது. பீரோ உயரம், முன்னால் ஒரு கதவு, உள்ளே கம்பித் தட்டுகள். தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தி விசையைத் தட்டினால், தானே தண்ணீரை இழுத்து வயிற்றை நிரப்பிக்கொண்டு கழுவுமாம். மேனேஜர், பெண் வீட்டார் நகையைக் காட்டுவதுபோல, அதைத் திறந்து திறந்து காட்டினார். காட்டி முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். இனி இந்த வேலைக்கு ஒரு ஆள் போதும், இரண்டு பேரில் யார் என்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். நிலைக்கிற ஆளுக்கு ஹாஸ்டலின் பின்கட்டு அறை. எனக்கு அந்த அறை வேண்டும். என் மனைவி பாப்பாத்தியும் மகளும் மூன்று வருஷமாக வளப்பூரில் என் அண்ணன் வீட்டில் காத்துக்கிடந்தார்கள், குடியிருக்க இடமில்லாமல் அவர்களை எப்படிக் கூட்டிப்போவது? நோராவுக்கும் அந்த அறை வேண்டும். அவள் வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள்.

செவ்வாயும் புதனும் பெட்டி ஒழுங்காக ஓடியது. புதன் சாயங்காலம் நோரா சீக்கிரம் போய்விட்டதால் கடைசி அடுக்கை நான் ஒருவனே கழுவி முடித்தேன். வியாழக்கிழமை காலையில் விசையைத் தட்டினால் உர்ரென்று ஒரு முனகல். ஒரு சொட்டு இறங்கவில்லை. மேனேஜர் ஓடிவந்தார். ஹாஸ்டல் எலெக்ட்ரீசியன் வந்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று பத்துத் தடவை சாத்தினார்கள். கரண்ட் வருகிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மிதவை உண்டு, அது சிக்கியிருக்கும் என்று குச்சியால் குத்தினார்கள். சல்லடையைக் கழற்றி ஊதினார்கள். பிறகு இருவரும் இடுப்பில் கைவைத்து நின்று அதன் மூஞ்சியையே பார்த்தார்கள். அடப் பெரிய மனுஷர்களா!

வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் எங்கள் மலையில் எவனும் வயலில் நின்று அண்ணாந்து பார்க்க மாட்டான். தண்ணீர் புறப்படுகிற ஊற்று வரை மேலே நடப்பான். எங்காவது மண் சரிந்திருக்கும், பன்றி உழப்பியிருக்கும். இதைச் சொல்ல ஒரு படிப்பு வேண்டுமா? "தண்ணீர் வரும் இடத்தைப் பாருங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் பக்கத்துத் தொட்டிக் குழாயைத் திருகிக் காட்டினார். தண்ணீர் கொட்டியது. "பார்த்தாயா, தண்ணீர் இருக்கிறது" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் சுவரில் முளைப்பது.

அவர்கள் காப்பி குடிக்கப் போனதும் நானே மண்டியிட்டேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து போகிற குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனால், அலமாரிக்குப் பின்னே, தரையோடு தரையாக, சுவரில் தண்ணீரை அடைக்கிற ஒரு தனித் திருகு. பெட்டிக்கென்றே வைத்தது. இறுக்கி மூடியிருந்தது. அதன் கழுத்தில் நீலக் கட்டம் போட்ட துணிக்கிழிசல் ஒன்று செருகியிருந்தது.

அதைச் செருகிய கை யாருடையது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் தண்ணீர் முறைக்குத்தான் வரும். தன் முறை முடிந்தவன் வயல் மடையை மண்வைத்து அடைத்து, அதன்மேல் ஒரு கொத்துத் தழையைச் செருகிவிட்டுத்தான் கரையேறுவான். தழை இருந்தால், இவன் முறை முடிந்தது, தண்ணீர் அடுத்தவனுக்கு என்று அர்த்தம். நடக்கப் பழகின நாளிலிருந்து செய்தது. புதன் சாயங்காலம் வேலை முடித்து, யோசிக்காமல், என் கை போய் மடையை அடைத்திருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன ஊரில் தழைக்கு எங்கே போவது? துணியைச் செருகியிருக்கிறது. வந்த நாளிலிருந்து நான் மட்டம் தட்டிய அத்தனை பேரையும்விடப் பெரிய மடையன் அங்கே மண்டியிட்டுக் கிடந்தான்.

திருகைத் திறந்தேன். பெட்டி கடகடவென்று குடிக்கத் தொடங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர் என் முதுகில் தட்டினார். தட்டிய கையோடு துணியைப் பிடுங்கிப் பார்த்தார். அது நோரா பழசென்று கிழித்துப் போட்ட ஏப்ரனின் துண்டு. இருவரும் அதில்தான் கை துடைப்போம். அவர் தொட்டியடியில் நின்ற நோரா பக்கம் திரும்பினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் பெட்டியைக் கெடுக்கப் பார்த்தாய் என்று கத்தினார். அவள் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்தாள். "இவனையே கேளுங்கள், இவன் சொல்வான்" என்றாள்.

நான் சொல்லவில்லை. இங்கிலீஷ் வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். 'நான்' என்று சொல்ல எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும்? வெள்ளிக்கிழமை அவள் போனாள். போகும்போது பாட்டு இல்லை. அறை எனக்குக் கிடைத்தது. என்னைப்போலக் கடல் தாண்டிப் போனவர்கள் இதைப் படித்தால் காறித் துப்பட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று இங்கே எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அண்ணன் சேந்தமங்கலம் போக வேண்டியிருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சீமை ஷூவோடு வரப்பில் நின்று, வயல் நிரம்பியதும் கைவீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வயல்காரர் சடையன் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, மடைய அடைக்காமயே வந்துட்டீங்களா? தழையுங் காணோம். எம்பட நாத்தெல்லாம் காஞ்சு கெடக்குதுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பாப்பாத்தி வந்தாள். "நாந்தாங்கண்ணா மறந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க, இதா வாரேன்" என்றபடியே வயலுக்கு இறங்கி ஓடினாள். அவள் அன்று வயல் பக்கமே போகவில்லை. இந்தத் தடவையும் நான் பேசாமல் பின்னால் போனேன். மண்ணை வாரிப் போட்டு மிதித்து, கொத்துத் தழையை ஒடித்துச் செருகினாள்.

"பழிய ஏன் உம்மேல போட்டுக்கிட்டே?" என்றேன்.

"யாரு மறந்தா என்னங்க? அவருக்குத் தண்ணி போவோணும். அவ்வளவுதான?" என்று கையைக் கழுவினாள். அடுத்த மாசம் எங்கள் மூன்று பேருக்கும் கப்பல். அவளுக்கு எல்லாவற்றையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். "ஏனுங்க, அங்க உங்களோட தட்டுக் கழுவ வேற ஆரும் இருக்காங்களா?"

"ஒரு அம்மா இருந்தாங்க."

"இப்ப?"

வரப்புப் புல்லில் ஷூவைத் தேய்த்தேன். வளப்பூர்ச் சேறு லேசில் போகவில்லை.

"இப்ப மெசின் இருக்குது" என்றேன்.