ஒட்டகச்சிவிங்கிக்கு வைத்த சன்னல்

பட்டம் வாங்கிய கையோடு ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி சூடாவதற்குள் தலைமை ஆசிரியை வந்து, "தம்பி, தச்சர் வந்திருக்கார். கூடப் போய் அளவெல்லாம் எழுதிக்குங்க" என்று எழுப்பிவிட்டார்.

தச்சருக்கு முப்பது வயதிருக்கும். ஆறடிக்கு மேல் உயரம். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் பிள்ளைகளுக்கு அவர் 'டேப்பு அண்ணன்'.

"டிகிரி சாரா? நல்லாப் போச்சு. எனக்குக் கணக்குன்னா காய்ச்சல் வரும்" என்று பென்சிலை என் காதில் செருகினார்.

மூடிய கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது என்பது தலைமை ஆசிரியையின் புது விதி. அதற்காக எல்லா அறைக் கதவிலும் கண்ணாடிச் சன்னல் வைக்க வேண்டும். மொத்தம் பதினெட்டுக் கதவுகள். விளையாட்டு ஆசிரியர் மட்டும், "என் ரூமுக்கு வேண்டாம், பந்து பட்டு உடையும்" என்றார். அதைக் கடைசிக்கு ஒதுக்கினோம்.

பதினேழாவது கண்ணாடியைப் பதித்து முடித்தபோது, முன்பல் இரண்டும் விழுந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தக் கதவின் முன் எம்பி எம்பிக் குதித்தாள்.

"என்ன பாப்பா, பறக்கப் போறியா?"

"எட்டல அண்ணா. உங்களுக்கு மட்டும்தான் வச்சீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். மில்லிமீட்டர்வரை எழுதியிருந்தேன். யார் கண்ணுக்கு என்பது மட்டும் இருவருக்குமே தோன்றவில்லை.

"டிகிரியும் டேப்பும் சேர்ந்து ஒட்டகச்சிவிங்கிக்குச் சன்னல் வச்சிருக்கோம் சார்!" என்று சிரித்தவர், "சரி, நீ எதுக்கு எட்டிப் பாக்கணும்?" என்று அவளைக் கேட்டார்.

"விளையாட்டு ரூம்ல எனக்கு எட்டற மாதிரி வைங்க. சார் மட்டும் இருந்தா உள்ள போக மாட்டேன். பந்து எண்ணணும்னு என்னை மட்டும் கூப்பிடறாரு. நேத்து கதவைச் சாத்தினாரு. ஓடி வந்துட்டேன்."

அண்ணன் மேற்கொண்டு எதையும் துருவவில்லை. அவள் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சொன்னே பாரு, அதான் கெட்டிக்காரத்தனம். உன் மேல ஒரு தப்பும் இல்ல. வா, பெரிய டீச்சர்கிட்ட சொல்லலாம்."

தலைமை ஆசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார். அவளுடைய அம்மாவை வரவழைத்தார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

"ஒரு தச்சன் பேச்சைக் கேட்டா இதெல்லாம் செய்யறீங்க டீச்சர்?" என்று விளையாட்டு ஆசிரியர் எகிறினார்.

"தச்சர் பேச்சு இல்ல, பிள்ளை பேச்சு. வெளிய நில்லுங்க."

அன்றே அவரைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள், வழக்கு நடக்கிறது. அவர் போன பிறகு அண்ணன் அந்த அறையின் கீல்களைக் கழற்றி, கதவையே தோளில் தூக்கி வந்தார். "கண்ணாடி வேண்டாம்னாருல்ல, வைக்கல சார்."

மறுநாள் முதல் பதினேழு கதவுகளையும் மறுபடி அறுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி, இருப்பதிலேயே சின்னவன் கண்ணுக்குக் கீழே கோடு போட்டு, அங்கிருந்து மேலே நீளக் கண்ணாடி. அளவு கொடுக்கப் பெரிய தள்ளுமுள்ளு. ஒருவன் எக்கி நின்றான்.

"குதிகாலைக் கீழ வைடா! உன் கல்யாணச் சட்டைக்கா அளவெடுக்கறேன்?"

பல் விழுந்தவள் ஒவ்வொரு கதவாகப் போய் எட்டிப் பார்த்து, "இது கோணல் அண்ணா" என்று தீர்ப்புச் சொன்னாள். அழைத்துப்போக வந்த அம்மாவிடம் அண்ணன், "உங்க பொண்ணு என்னை ஒரு நாள் உக்கார விடல. நல்ல மேஸ்திரி" என்றார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டேப்பு அண்ணன் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் வேலை செய்கிறார். அங்கே இருபத்திரண்டு கதவுகள்; ஒன்பது முடிந்துவிட்டன.