என் பெயரில் ஒரு பிரசவம்

பொய் சொல்லி ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது சரியா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்கிறவர்கள் யாரும் அன்றைக்கு என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட். எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்க வந்தவளின் புருஷன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப்போடுகிற வேலை. இரண்டு பேரும் ஒரே கரியைத்தான் மேலெல்லாம் பூசிக்கொண்டு வருவார்கள். ஆனால் கம்பெனி ஆஸ்பத்திரி பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மட்டும்தான் என்று எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அவளும் நானும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். "உங்களுக்குப் பொண்ணுதாங்க, மூஞ்சி அப்டி வெளுத்துகினு வருது" என்பாள். "போடி, பெரிய ஜோசியக்காரி" என்று நானும் விடமாட்டேன். அந்த ஊரில் எனக்கென்று சிரித்துப் பேச இருந்தவள் அவள்தான்.

ஒரு மத்தியானம் கொல்லையில் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் புடவையெல்லாம் ரத்தம். கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கி எழுப்பினேன்.

"இவளை நான்னு சொல்லிச் சேத்துருங்க."

அவருக்குத் தூக்கம் பறந்தது. "வெளிய தெரிஞ்சா வேலை போயிரும். போலீஸ் கேஸ் ஆயிரும்."

"போனாப் போகுது. எங்கய்யா வயல்ல நாத்து நட்டுப் பிழைப்போம். இவ செத்துப்போனா உங்களுக்குச் சோறு எறங்குமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கார் பிடிக்க ஓடினார். நான் என்னுடைய நைலக்ஸ் புடவையை அவளுக்குச் சுற்றினேன். என் வளைகாப்பு வளையல்களைக் கழற்றி அவள் கையில் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு குவார்ட்டர்ஸ்காரி மாதிரி இருக்க வேண்டுமே. காரில் ஏற்றும்போது அவள் காதில் கண்டிப்பாகச் சொன்னேன்: "அங்க வாயத் தொறக்காத. பேச்சுலயே கண்டுபிடிச்சிருவாங்க. என்ன கேட்டாலும் மூச்சு விடக்கூடாது."

சரி என்று தலையாட்டினாள்.

நான் கூடப் போக முடியாது. ஒரே பெயரில் இரண்டு பேர் எப்படி நிற்பது? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் பிறகு என் கணவர் சொன்னது.

வாசலில் என் பெயரையும் தன் சுரங்க வேலை டோக்கன் நம்பரையும் சொன்னதும் சேர்த்துவிட்டார்கள். தகவல் தெரிந்து அவள் புருஷன் சுரங்கத்திலிருந்து கரியோடு கரியாக ஓடி வந்திருக்கிறான். யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, எங்க வீட்டு வேலைக்காரர் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அவனும் ஆமாம் என்று சொல்லி ஓரமாக நின்றுகொண்டான்.

சாயங்காலம் ஆண் குழந்தை பிறந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "உங்க சம்சாரம் உங்களப் பாக்கணுமாம். சீக்கிரம் வாங்க" என்றாள்.

இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள். "நீ எங்கப்பா வர்ற? வீட்டுக்காரர் மட்டும்" என்று நர்ஸ் அவனைக் கதவருகே நிறுத்திவிட்டாள். என் கணவர் உள்ளே போனார். காலடிச் சத்தம் கேட்டு அவள் முகத்தைத் திருப்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், இவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். "அதான் வந்துட்டாரேம்மா, பேசு" என்று நர்ஸ் சொன்னாள். அவள் பேசவில்லை. இவரைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே போய்விட்டாள்.

அதற்கு மேல் என் கணவரால் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உண்மையச் சொல்லியிருந்தாலும் நான் சேத்திருப்பேனேய்யா. ரத்தம் கொட்டும்போது யார் பெண்டாட்டின்னா கேப்பேன்?" என்றாராம்.

அந்த ஒரு வாக்கியம் என்னை இன்றுவரை விடவில்லை. அவர் நல்ல மனுஷர். சேர்த்திருப்பார்தான். ஆனால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்? வாசலில் அவரா நின்றுகொண்டிருந்தார்? கணவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, பிரமோஷன் கிடைக்கவே இல்லை. அதற்காக நான் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த மத்தியானம் திரும்ப வந்தாலும் திரும்ப அதே பொய்யைத்தான் சொல்வேன்.

கருமாதி முடிந்து அவன் வீட்டுக்கு வந்தான். என் புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். மேலே என் வளையல்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார் உள்ள போனப்ப அது எதனா சொல்லுச்சிங்களா?" என்று கேட்டான்.

நான்தான் சொன்னேன். "ஒண்ணும் சொல்லலப்பா. வாயத் தொறக்காதன்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன்."

புடவையை என் கையில் கொடுத்தான்.

"நானும் கதவாண்டயே நின்னுகினு இருந்தேங்க. சாரு வேல போயிடுமேன்னு நானும் வாயத் தொறக்கல" என்றான்.