பத்தடி அறைக்குள் ஒரு ரயில் யார்டு

வியாகுலம்மாள் கிடங்கில் கோணி தைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பியபோது, வீட்டுக்குள் ஒரு ரயில் யார்டு முளைத்திருந்தது. கல்மண்டபத்துச் சந்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை. அதுதான் சமையலுக்கு, அதுதான் படுக்கைக்கு. அந்தச் சிமெண்டுத் தரை முழுக்க சாக்கட்டியால் தண்டவாளம் கோடு கோடாகக் கிடந்தது. கட்டிலின் கீழே துறைமுக லைன், அடுப்பைச் சுற்றி மீன் ஏற்றும் லைன், வாசற்படியில் கேபின்.

"இன்னாய்யா இது? சோறாக்கறது எங்க, படுக்கறது எங்க? கூட்ஸ் வண்டியில ஏறித்தான் நான் அடுப்பாண்ட போவணுமா?"

தரையில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஹென்றி சிரித்தான். பக்கத்தில் மண்டியிட்டிருந்த மாசானம் சிரிக்கவில்லை.

இந்த மாசானத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பிள்ளை. யுத்த காலத்தில் பட்டணத்துக்கு வந்து, கடலோரச் சரக்கு யார்டு ஒன்றில் பாயிண்ட்ஸ்மேன் ஆனான். ஒரு லைனில் வரும் வண்டியை இன்னொரு லைனுக்குத் திருப்பிவிடுகிற இடத்துக்கு பாயிண்ட் என்று பெயர். லீவரை இழுத்தால் அங்கே இரும்பு நாக்கு ஒன்று நகர்ந்து தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பார்த்துப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அதுதான் அவன் பிழைப்பு. ஹென்றி அதே யார்டில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் என்ஜின் டிரைவர். மாசானத்துக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவன் அவன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவள் வியாகுலம்மாள்.

1950-ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒன்பதாம் நம்பர் பாயிண்டில் ஹென்றியின் என்ஜின் தடம் புரண்டு சாய்ந்தது. அவனுடைய வலது கால் முழங்காலோடு போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் குனிந்து பாயிண்டைப் பார்த்தார்கள். துடைத்துவைத்தது போல் சுத்தமாக இருந்தது. அப்படியானால் வண்டிதான் வேகமாக வந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். காலோடு ஹென்றியின் வேலையும் போயிற்று.

அன்றிலிருந்து மாசானம் ஒரு ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்கு வந்தான். தண்ணீர் பிடித்து ஊற்றினான், விறகு பிளந்தான், ஹென்றியைத் தோளில் தாங்கி மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்று சந்தே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதை அடக்கம் என்று நினைத்தார்கள். ஐயோ, அது அடக்கமா!

சீமைக்குத் திரும்பிப்போன துறைமுகத்து வெள்ளைக்காரர் ஒருவர், தம் பிள்ளைகள் விளையாடிய, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் பெட்டியை எப்போதோ ஹென்றிக்குக் கொடுத்திருந்தார். கட்டிலுக்கடியில் தூசியில் கிடந்தது. வேலையில்லாத மனுஷனுக்கு இரண்டு வருஷம் கழித்து அதன் நினைவு வந்தது. முழு யார்டையும் வீட்டில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டான்.

"பெட்டியில எவ்வளவு தண்டவாளம் கீதோ அவ்வளவுதான் போட முடியும் மாமு" என்றாள் வியாகுலம்மாள், துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டே. "சொம்மா கோடு போட்டா வண்டி ஓடுமா? கொறைய்யா, கொறை."

குறைக்க உட்கார்ந்தார்கள். மாசானத்துக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. "மீன் லைன் வேண்டாம்ணே. துறைமுக லைனும் வேண்டாம்" என்று ஈரத்துணியால் அழித்துக்கொண்டே போனான். பதினோரு பாயிண்டில் பத்து போயிற்று. மிஞ்சிய ஒன்றின் மேலும் துணியை வைத்தான்.

"ஏய், அத்த உடு" என்றான் ஹென்றி. "அது ஒம்பதாம் நம்பரு."

"வெறும் வட்டம் போதும்ணே. சுத்திச் சுத்தி ஓடட்டுமே. மதினிக்கும் பாய் விரிக்க இடம் கிடைக்கும்."

"அதுக்கோசரந்தான் நைனா பெட்டியவே தொறந்தேன்." ஹென்றியின் குரல் தாழ்ந்தது. "மெதுவாத்தான் வந்தேன்னு என் கை சொல்லுது. வேகமா வந்தேன்னு காயிதம் சொல்லுது. ரெண்டு வருசமா நான் தூங்கல. எது மெய்யின்னு எனக்குத் தெரியணும்."

"இதுல தெரிய இன்னா கீது?" என்றாள் வியாகுலம்மாள் அடுப்படியிலிருந்து. "சனிக்கெயமை சீக்கிரம் வூட்டுக்கு ஓடியாரணும்னு அவசரம். ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா ரெண்டு காலும் இருந்திருக்கும். நானும் கோணி தச்சு வெரலக் கிழிச்சிகினு இருக்க மாட்டேன்."

இதை அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நூறு தடவையும் மாசானம் அவள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான்.

ஒரு வட்டம், அதிலிருந்து பிரிந்து கட்டில் வரை ஒரு லைன், நடுவில் ஒரு பாயிண்ட். தகரத் தண்டவாளத்தைப் பூட்டி முடித்தார்கள்.

ஹென்றி என்ஜினுக்கு நாலே நாலு சுற்று சாவி கொடுத்து விட்டான். அது மெதுவாக ஊர்ந்து பாயிண்டைக் கடந்து கட்டிலடியில் போய் நின்றது. மறுபடி விட்டான். மறுபடியும் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது தடவை முழுச் சாவி கொடுத்தான். என்ஜின் விர்ரென்று வந்து பாயிண்டில் துள்ளிக் குப்புற விழுந்தது. சக்கரங்கள் காற்றில் சுற்றின.

சாவி தீர்கிறவரை அதையே பார்த்திருந்தான் ஹென்றி. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீ சொன்னதுதான் வியாகுலம் கரீட்டு. மெதுவா வந்தா வண்டி சாயாது. நான் வேகமாத்தான் வந்துகீறேன். என் கையி பொய் சொல்லிச்சி." அந்த முரட்டு மனுஷனின் உதடு பிதுங்கியது. "உன்ன நாந்தான் தெருவுல நிறுத்திட்டேன். என்ன மன்னிச்சிடு."

அத்தனை நாளும் திட்டிய வியாகுலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாசானம் எழுந்து வெளியே போனான். தெரு ஓரத்தில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் குவிந்துகிடந்தது. ஒரு சிட்டிகை அள்ளி வந்தான். மண்டியிட்டு, அந்தத் தகர நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தூவினான். நாக்கைத் தள்ளினான். நெல்மணி அகலத்துக்கு அது ஒட்டாமல் நின்றது. என்ஜினை எடுத்து நாலே நாலு சுற்று சாவி கொடுத்தான்.

என்ஜின் ஊர்ந்து வந்தது. பாயிண்டில் ஏறியது. மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"நீங்க மெதுவாத்தான் வந்தீங்கண்ணே" என்றான் மாசானம்.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. மணல் அடிக்கிற இடம் என்பதால் ஒவ்வொரு தடவை லீவரை இழுக்குமுன்பும் பாயிண்டைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். விபத்தன்று, காலையில் பெருக்கியது போதும் என்று மாசானம் இருந்துவிட்டான். லீவர் இறுகிக்கொண்டு வந்தது. உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தி, பார்க்காமலே பச்சைக் கொடியைக் காட்டினான்.

"வண்டி விழுந்ததும் எல்லாரும் உங்களைத் தூக்க ஓடினாங்க. நான் பாயிண்டுக்கு ஓடினேன். பெருக்கினேன். பெருக்கி முடிச்ச பெறகுதான் உங்க கிட்ட வந்தேன்."

ஹென்றி தன் வலது கையை விரித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேசியது வியாகுலம்மாள்தான். சத்தம் போடவில்லை. "ரெண்டு வருசம் இந்த மன்சன உன் எதிர்லயே நான் காறித் துப்பிகினு இருந்தேன். நீ காப்பி குடிச்சிகினு இருந்த."

"ஆமா மதினி."

"எயுந்து போ."

மறுநாளே மாசானம் தன் கைப்பட எழுதி ஆபீசில் கொடுத்தான். மேலாளர் படித்துவிட்டு, "உனக்குப் பைத்தியமா? கேஸ் முடிஞ்சு போச்சே" என்றார். அவன் காகிதத்தைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டான். ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் சம்பளத்தைக் குறைத்து, எண்ணூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு ஜல்லி தள்ளும் கூட்டத்தில் போட்டார்கள். ஹென்றிக்கு சிக்னல் விளக்கு அறையில் உட்கார்ந்து திரி வெட்டுகிற வேலை கிடைத்தது. போன கால் போனதுதான்.

அந்த ஐந்து மாதமும் மாசானம் ஞாயிறு தோறும் சந்துக்கு வந்தான். கதவு சாத்தியிருக்கும். எதிர்ச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவான். மெச்சிய வாய்களே இப்போது, "பெருக்கினவன் வந்துட்டான்டா" என்று சிரித்தன. இந்தச் சிரிப்பு அவனுக்கு அந்த மெச்சலைவிட எவ்வளவோ லேசாக இருந்தது.

ஹென்றி வேலையில் சேர்ந்த முதல் ஞாயிறு கதவு திறந்தது. வியாகுலம்மாள் நின்றாள்.

"இன்னா அங்கயே நின்னுகினு கீற? உள்ள வா."

"மதினி..."

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. அவரால குனிய முடியல. ரயிலு பூட்ட ஆள் வேணும். அடுப்பப் பாப்பனா, அத்தப் பாப்பனா?"

உள்ளே புதிதாகக் கோடு போட்டிருந்தது. அவளே போட்டதாம். பாய் விரிக்க இடம் விட்டு, அடுப்புக்கு வழி விட்டு, சுவரை ஒட்டியே போகும் ஒற்றை லைன். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஹென்றி அவனைப் பார்த்தான். தண்டவாளத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். மாசானம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மண்டியிட்டான்.