நாற்காலி நகரும் சத்தம்

க்ர்ரீச்.

சிரிப்பு மூட்டக் கிளம்பியவன் முதலில் கற்றுக்கொள்வது இந்தச் சத்தத்தைத்தான். மேடையில் நிற்பவனுக்கு முகத்தில் விளக்கு, எதிரே இருட்டு. யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி சிமென்ட் தரையில் பின்னால் நகர்ந்தால் ஓர் ஆள் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். நாலு பேரைச் சிரிக்க வைத்தே தீருவேன் என்று போய் நின்று, அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு திரும்பிய சக பாவிகளே, என் கதையையும் கேளுங்கள்.

கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் இருபது வருடமாக எனக்கு நைட் டூட்டி. ஊர் சிரித்துப் பேசும் நேரத்தில் தூங்குகிறேன். விழித்திருக்கும் நேரத்தில் எதிரே வருகிறவர்கள் சாவி கேட்கிறவர்கள். என்னைப் பார்த்து ஒரு மனுஷன் சிரித்து எத்தனை நாளாச்சு என்று ஒருநாள் யோசித்தேன், பதில் பிடிக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் நகைச்சுவை எழுத ஆரம்பித்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், மொட்டைமாடியில் காபிக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய், நாலு சனிக்கிழமை கொடுத்தார். டூட்டிக்கு முன்னால், சாயங்காலம் ஆறரைக்கு, பத்து நிமிஷம். கூடவே ஒன்று சொன்னார்: "நாலாவது வாரம் நாற்காலி காலியாச்சுனா புல்லாங்குழல்காரருக்குக் குடுத்துடுவேன். கோச்சுக்காதீங்க."

இடைவெளி

வீடியோவில் எல்லாரும் அடித்துச் சொன்ன பாடம், சிரிப்பு வரவேண்டிய வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்து என்பது. முதல் சனிக்கிழமை நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் நிறுத்தினால் ஆவல் கூடும் என்று நினைத்து இன்னும் நிறுத்தினேன். பாய் என்னவோ ஏதோவென்று விளக்கைத் திருப்பினார். முப்பது பேரும் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, உள்ளங்கையை மடியில் மலர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆசிரமத்துப் பக்கம் ஒருத்தன் முன்னால் வந்து பேசாமல் நின்றால் தியானம் என்றுதான் அர்த்தம். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. மிச்ச வரியைச் சொல்லி அவர்களைக் கலைக்க மனசு வராமல் இறங்கிவிட்டேன். சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கலங்கிய கண்ணோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேசினதெல்லாம் சுமார்தான் சார். நடுவுல சும்மா இருந்தீங்களே, அடடா!"

மனு

அடுத்த வாரம் இடைவெளியே விடவில்லை. "எங்க லாட்ஜ்ல ரூம் சர்வீஸ் உண்டுங்க. பெல் அடிச்சா குரங்கு வரும்" என்றேன். யாரோ லேசாகச் சிரித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் புரியட்டுமே என்று, குரங்கு மலையிலிருந்து எந்த வழியாக இறங்கும், எந்த பிஸ்கட் பிடிக்கும் என்று விளக்கினேன். பதினொரு நாற்காலி.

என் மனைவி செல்விக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கிற வேலை. ஊர்க் குறையெல்லாம் அவள் விரல் வழியாகப் போகிறது. சிரிப்பு அவளுக்குச் சுலபத்தில் வராது. அன்று என் நோட்டைப் படித்துவிட்டு, பேனாவால் பக்கத்துக்குப் பாதியை அடித்தாள். "ஏங்க, மனுல கோரிக்கை எழுதியாச்சுனா கீழ கையெழுத்துதான். நீங்க அதுக்கப்புறமும் ஒரு பக்கம் எழுதறீங்க. கலெக்டரே எழுந்து போயிடுவாரு."

ஜன்னல்

மூன்றாவது சனிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டாம்.

மறுநாள் டூட்டிக்கு வந்து உட்கார்ந்ததும் விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. நோட்டிலிருந்து இரண்டு ஜோக்கை எடுத்து விட்டேன். ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார்கள். சரி, இந்த ஜென்மத்துக்கு இவ்வளவுதான் என்று ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்தேன். அந்த அம்மா, "ரூம்லேர்ந்து மலை தெரியுமாங்க?" என்றார். "ஜன்னலைத் திறந்தா நல்லாத் தெரியும்ங்க. ஜன்னல்தான் திறக்காது" என்றேன். பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்ட மர ஜன்னல், உண்மையைத்தான் சொன்னேன். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நோட்டில் இல்லாத வரி! அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்போ மலை இருக்குதுன்னு உங்களத்தான் நம்பணும்!"

நாலாவது சனி

லாட்ஜ்காரனுக்குப் பௌர்ணமி மறக்கலாமா? மறந்தது. நோட்டில் தலையை விட்டிருந்தவன், கடைசி சனிக்கிழமை பௌர்ணமியில் விழுந்ததைக் கவனிக்கவே இல்லை. ஊரே கிரிவலம் போயிருக்கும், காலி நாற்காலிக்கு ஜோக் சொல்லப் போகிறோம் என்று மாடி ஏறினால், உட்கார இடமில்லை. மத்தியானமே கிளம்பி, பதினாலு கிலோமீட்டரை வெறுங்காலில் சுற்றி முடித்தவர்கள். வந்தது எனக்காக இல்லை, நாற்காலிக்காக.

குரங்கைச் சொன்னேன். விளக்கவில்லை. பதிலுக்கு ஒரு குறட்டை. ஜன்னலைச் சொன்னேன். நிறுத்தினேன். பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அது செல்வியின் சிரிப்பு. மிச்ச நேரம் முழுக்க அந்த மூலைக்குத்தான் பேசினேன். கடைசிவரை ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

பாய் மாடிப்படியில் என் தோளைத் தட்டினார். "மாசாமாசம் பௌர்ணமிக்கு வந்துடுங்க. அன்னிக்கு யாராலயும் எழுந்து போக முடியாது."

செல்வி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். அவளும் சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். "ஜன்னலுக்குத்தானே சிரிச்ச?" என்றேன்.

"இல்லீங்க. நீங்க மலைன்னதும் எம்பக்கத்துல தூங்கிட்டிருந்தவரு தூக்கத்துலயே கையெடுத்துக் கும்பிட்டாரு." ரெண்டு படி இறங்கியபின் சொன்னாள்: "ஆனா கோரிக்கையோட நிறுத்துனீங்க பாருங்க, அது நல்லாருந்துச்சு."

இருக்கிற உத்தியெல்லாம் கற்றுக்கொண்ட எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஊராருடைய வலிக்கிற கால்தான் என்று நினைத்துக்கொண்டே லாட்ஜுக்கு வந்து, பன்னிரண்டாம் நம்பர் அறைக்காரர்கள் கால் நனைக்கக் கேட்டிருந்த வெந்நீருக்குப் பக்கெட்டைக் குழாயடியில் வைத்தேன்.