பல்லில் கடித்த பறி

சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி மகள், தன் எட்டு வயதுப் பெண்ணோடு சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியதுமே அந்தக் குழந்தை கேட்டது:

"பெரியாயா, எங்க ஆயா தண்ணில எறங்கி றால் புடிப்பாங்களாம். நீங்க பயந்துகிட்டு கரையிலயே ஒக்காந்திருப்பீங்களாமே?"

எங்கள் ஊர் கிள்ளையில், உப்பங்கழித் தண்ணீரில் இறங்கியது நான். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்தவள் நான். கரையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது தங்கச்சி. நான் அஞ்சாவதோடு நின்றேன். அவள் கடலூரில் நர்சுக்குப் படித்து பிளேன் ஏறினாள். அவள் வீட்டையும் நகையையும் போட்டோவில் பார்த்து வயிறு எரிந்ததுண்டு. அது ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. காப்பி போடப் போய்விட்டேன். மறுநாள் குழந்தை தனியாக இருந்தபோதுதான் வாயைத் திறந்து காட்டினேன். சிரித்தால்கூடப் பொத்திக்கொள்கிற வாய்.

"பாரு, கூடையக் கடிச்சுக் கடிச்சு முன்பல்லு ரெண்டும் துருத்திகிச்சு. ஒங்க ஆயா பல்லையும் பாரு."

அது உடனே போனில் முகம் தெரிகிற மாதிரி தங்கச்சியைக் கூப்பிட்டது. "ஆயா, பல்லக் காட்டுங்க! கூடையக் கடிச்சா பல்லு துருத்திக்குமாமே?"

தங்கச்சி காட்டினாள். வெண்டைக்காய் விதை மாதிரி வரிசை.

"எனக்கும் துருத்திகிட்டுதான் இருந்துச்சு கண்ணு. டாக்டர்கிட்ட போயி சரி பண்ணிகிட்டேன்" என்றாள். "என்னக்கா, நல்லாருக்கியா?"

"ம், இருக்கேன்."

குழந்தை நம்பிவிட்டது. பல் என்கிற சாட்சியும் போச்சு.

அடுத்த நாள் பஸ் பிடித்து அவர்களைக் கிள்ளைக்குக் கூட்டிப்போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தையோடு தண்ணீரில் இறங்கினேன்.

"பெரியம்மா, விழுந்து கிழுந்து வெக்காதீங்க!" என்று கரையிலிருந்து அதன் அம்மா கத்தினாள்.

குழந்தையின் கையை என் கைக்குள் வைத்துச் சேற்றை மெல்லத் தடவினேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று துள்ளியது.

"ஆ! குத்துது!"

"தலையில முள்ளு இருக்குதில்ல. அமுக்கிப் புடிச்சா குத்தத்தான் குத்தும்."

குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு யோசித்தது. "குத்தும்னு ஆயா சொல்லவே இல்லியே?"

"அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

குழந்தை நிமிர்ந்து என் வாயையே பார்த்தது. நான் பொத்திக்கொள்ளவில்லை.